தாஸ் போட்: பார்ப்பதற்கு முன்னும் பின்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நடக்கும் போர்ப்படம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் வாயில் வருவது ஒரே பெயர்தான்: ‘தாஸ் போட்’, 1981இல் வந்த ஜெர்மன் படம். பெயரைச் சொன்னதும் கேள்விகள் தொடங்கிவிடும். எந்த நீளத்தில் பார்ப்பது, உண்மைக் கதையா, நாஜிகளுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஒவ்வொருவரும் அதே வரிசையில் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கதையின் முடிவு முன்கூட்டியே தெரியக் கூடாது என்பவர்கள் ஒரே ஒரு கேள்வியைத் தாண்டிப் போனால் போதும். அது எது என்று அங்கேயே சொல்லியிருக்கிறேன்.

படத்தின் கதை என்ன?

1941, இலையுதிர் காலம். ஜெர்மனியின் பிடியிலிருக்கும் பிரெஞ்சுத் துறைமுகமான லா ரோஷெல்லிலிருந்து யு-96 என்ற நீர்மூழ்கி அட்லாண்டிக் கடலுக்குள் கிளம்புகிறது. பிரிட்டனுக்கு எண்ணெயும் உணவும் தளவாடமும் கொண்டுபோகும் கப்பல்களை மூழ்கடிப்பது அதன் வேலை. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் மீசை சரியாக முளைக்காத பையன்கள். கேப்டனுக்கு முப்பது வயது. அந்தப் பையன்களுக்கு அவர்தான் ‘கிழவர்’, அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வெர்னர் என்ற போர்ச் செய்தியாளர் புதிதாக வந்து சேர்கிறார். நாம் எல்லாவற்றையும் பெரும்பாலும் அவர் கண்ணால்தான் பார்க்கிறோம்.

அப்புறம்? வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். புயல் அடிக்கிறது. ஒரு கப்பல் கூட்டத்தைக் கண்டுபிடித்துத் தாக்குகிறார்கள், பதிலுக்கு அடி வாங்குகிறார்கள். ஊருக்குத் திரும்பலாம் என்று நினைத்திருக்கும்போது ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து இத்தாலிக்குப் போகச் சொல்லி உத்தரவு வருகிறது. அந்த நீரிணையின் குறுகிய இடம் வெறும் 14 கிலோமீட்டர் அகலம், அங்கே பிரிட்டிஷ் காவல் பலம். உத்தரவைப் படித்ததும் கேப்டனின் முகம் மாறுவதைக் கவனியுங்கள். அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பெயருக்கு என்ன பொருள்?

‘படகு’, அவ்வளவுதான். நீர்மூழ்கிக்காரர்கள் தங்கள் கலத்தைக் கப்பல் என்று சொல்வதில்லை, படகு என்பார்கள். யு-போட் என்பதும் ‘கடலடிப் படகு’ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம்தான்.

இது உண்மைக் கதையா?

பாதி உண்மை. லோதர்-குந்தர் புக்ஹைம் என்ற எழுத்தாளர் 1973இல் எழுதிய நாவல்தான் படத்துக்கு அடிப்படை. 1941 இறுதியில் அவர் போர்ச் செய்தியாளராக உண்மையான யு-96இல் பயணம் செய்தவர். படத்தில் வரும் வெர்னர் கிட்டத்தட்ட அவரேதான்.

உண்மையான கேப்டன் ஹைன்ரிஷ் லேமன்-வில்லன்பிராக். போரில் உயிர் பிழைத்து, பிறகு வணிகக் கப்பல் கேப்டனாக வேலை பார்த்தார். ‘ஓட்டோ ஹான்’ என்ற அணுசக்திச் சரக்குக் கப்பலையும் ஓட்டியிருக்கிறார். படம் எடுத்தபோது ஆலோசகராகவும் இருந்தார். 1986இல் இறந்தார்.

உண்மையான யு-96 ஜிப்ரால்டரைக் கடக்க முயன்றதும், விமானத் தாக்குதலில் அடிபட்டதும் நடந்தவை. ஆனால் அது 1941 டிசம்பரில் தளத்துக்குத் திரும்பிவிட்டது. அப்புறமும் பல பயணங்கள் போய், கடைசியில் பயிற்சிப் படகாகி, 1945 மார்ச்சில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சில் மூழ்கியது. படத்தின் கடைசிப் பகுதி நாவலாசிரியரின் கற்பனையிலிருந்து வந்தது.

இயக்குநர் யார்?

வுல்ஃப்காங் பீட்டர்சன். பிறகு ஹாலிவுட்டுக்குப் போய்ப் பெரிய படங்கள் எடுத்தார், 2022இல் இறந்தார். அவர் பிறந்த ஊரின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும்: எம்டன். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மேல் குண்டு போட்டுவிட்டு மறைந்த ஜெர்மன் போர்க்கப்பலுக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ‘அவன் சரியான எம்டன்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்த இரவிலிருந்து வந்தது. இந்தப் படத்தை எடுத்த எம்டன்காரரைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மூன்று நான்கு நீளங்களில் கிடைக்கிறதே, எதைப் பார்ப்பது?

1981இல் திரையரங்குக்கு வந்தது இரண்டரை மணி நேரம். தொலைக்காட்சிக்காகத் தொகுத்தது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 1997இல் இயக்குநரே மறுபடி தொகுத்து, ஒலியைப் புதுப்பித்து வெளியிட்டது மூன்றரை மணி நேரம்.

முதல் முறை பார்ப்பவர்கள் 1997 தொகுப்பைப் பாருங்கள். இரண்டரை மணி நேரப் படம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காத்திருப்பு குறைந்துவிடும். இந்தப் படத்தில் காத்திருப்பைக் குறைத்தால் பயமும் குறைந்துவிடுகிறது. பல நாள் ஒன்றுமே நடக்காமல் பையன்கள் சீட்டாடி, கெட்ட வார்த்தை பேசி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துப்போவதை நாமும் உட்கார்ந்து பார்த்திருந்தால்தான், திடீரென்று மணி அடிக்கும்போது நம் வயிறும் கலங்கும். படம் பிடித்துப்போய்விட்டதென்றால் அடுத்த விடுமுறையில் தொலைக்காட்சித் தொகுப்பைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு பையனும் தனித்தனி ஆளாகத் தெரிவான்.

ஜெர்மன் மொழியிலா, ஆங்கில டப்பிங்கிலா?

ஜெர்மனில், சப்டைட்டிலுடன். நடிகர்களில் பலர் ஆங்கிலத்துக்கும் தாங்களே குரல் கொடுத்திருக்கிறார்கள், அதனால் அந்த டப்பிங் மோசமில்லை. ஆனாலும் ஜெர்மன் பேசும் நாடுகளின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பார்த்துப் பார்த்து நடிகர்களைச் சேர்த்திருக்கிறார் பீட்டர்சன். மதுரைக்காரர், நாகர்கோவில்காரர், கோயம்புத்தூர்க்காரர் எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடந்தால் பேச்சு எப்படிக் கலந்து ஒலிக்குமோ அப்படி இருக்கும். மொழி புரியாவிட்டாலும் அந்த வித்தியாசம் காதில் விழும்.

உள்ளே உண்மையிலேயே அவ்வளவு நெருக்கடியா?

ஆமாம். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் படமே இந்த இடத்தைப் பற்றியதுதான்.

யு-96 என்பது ‘ஏழு-சி’ வகைப் படகு. நீளம் 67 மீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் அது வெளிக்கூட்டின் நீளம். மனிதர்கள் வாழும் உட்குழாயின் விட்டம் அதிகபட்சமாக 4.7 மீட்டர்தான், இரண்டு முனைகளிலும் அதைவிடக் குறுகல். அந்தக் குழாய்க்குள் இரண்டு டீசல் என்ஜின், இரண்டு மின்மோட்டார், தரைக்கடியில் பேட்டரிகள், 14 டார்பிடோ, பல வாரத்துக்கான சாப்பாடு. இவையெல்லாம் போக மீதமிருக்கும் இடத்தில்தான் ஏறத்தாழ ஐம்பது பேர்.

படுக்கைகள் ஆளுக்கு ஒன்று கிடையாது. ஒருவன் காவலுக்குப் போனதும் அவன் உடல்சூடு ஆறாத படுக்கையில் இன்னொருவன் வந்து படுப்பான். முன்பகுதியில் டார்பிடோக்களுக்கு மேலேயே தூங்குகிறார்கள். இரண்டு கழிப்பறையில் ஒன்று, பயணம் தொடங்கும்போது சாப்பாட்டுச் சாமான் வைக்கும் அறை. கட்டுப்பாட்டு அறையின் குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் நடுவே இறைச்சித் துண்டங்களும் ரொட்டிகளும் தொங்கும். நாளாக ஆக ரொட்டியில் பூஞ்சை பிடிக்கும், அதைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு உள்ளே இருப்பதைத் தின்பார்கள். குடிநீரே அளந்துதான், அப்புறம் குளியலுக்கு எங்கே போவது?

அதிகாரிகள் சாப்பிடும் மேசையைப் பாருங்கள். அது நடைபாதையிலேயே இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முன்னாலிருந்து பின்னால் போகிறவன் ஒவ்வொருவனும் அனுமதி கேட்பான், உட்கார்ந்திருப்பவர் தட்டோடு எழுந்து வழி விடுவார். முதல் இரண்டு தடவை பார்க்கும்போது நமக்குச் சிரிப்பு வரும். ஒரு மணி நேரம் கழித்து, தனியாக நிற்க இந்தப் படகில் ஓர் அடி இடம்கூட இல்லை என்று புரியும்.

இந்த நெருக்கத்தைக் கேமராவில் எப்படிக் கொண்டுவந்தார்கள்?

மியூனிக்கின் பவேரியா ஸ்டூடியோவில் படகின் உட்புறத்தை உண்மை அளவிலேயே கட்டி, ஹைட்ராலிக் மேடைமேல் ஏற்றினார்கள். அலை வந்தால் அரங்கம் முழுவதும் ஆடும், சாயும்.

ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ. அந்தக் குழாய்க்குள் தண்டவாளம் போட்டுக் கேமராவைத் தள்ள இடமில்லை. அதனால் ஒரு சிறிய கேமராவில் ஆட்டத்தைச் சமன்செய்யும் ஜைரோஸ்கோப் பொருத்தி, கையில் பிடித்துக்கொண்டு அவரே நடிகர்களுக்குப் பின்னால் ஓடினார். தலையில் ஹெல்மெட், உடம்பில் அடிபடாமலிருக்கத் திண்டு. ‘அலாரம்!’ என்று கத்தியதும் படகின் முனை எடை கூடி வேகமாக அமிழ வேண்டுமென்பதற்காக எல்லோரும் முன்பக்கம் பாய்ந்து ஓடுவார்களே, அந்த ஓட்டத்தைக் கவனியுங்கள். வட்டக் கதவுகளுக்குள் ஒருவன்பின் ஒருவனாகக் கால் தூக்கிப் பாய்கிறான், கேமராவும் அதே வட்டத்துக்குள் பாய்கிறது. இடைவெளியே கிடையாது. நம் தலை இடித்துவிடுமோ என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிகிறோம்.

இன்னொன்று, நடிகர்களை வெயிலில் போகவிடவில்லை. கதையின் வரிசைப்படியே பெரும்பாலும் படமாக்கியதால் தாடி தானாகவே வளர்ந்தது. முகங்கள் வெளிறி, கண்களுக்குக் கீழே கருத்துப்போவதில் ஒப்பனையின் பங்கு குறைவு. புயல் காட்சியில் யான் ஃபெடர் என்ற நடிகர் உண்மையிலேயே கீழே விழுந்து விலா எலும்பு முறிந்துபோனார். பக்கத்திலிருந்தவர் கத்தியதை நடிப்பென்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு கதையை மாற்றி அவருடைய பாத்திரத்தைச் சில காட்சிகளில் படுக்கவைத்துவிட்டார்கள்.

சத்தத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன?

எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்: இது காதால் பார்க்கிற படம்.

கடலுக்கடியில் போனபின் அந்த ஆட்களுக்குக் கண் கிடையாது. ஜன்னல் இல்லை. பெரிஸ்கோப் சில மீட்டர் ஆழம் வரைதான் உதவும். அதற்குக் கீழே போனால் எதிரி எங்கே இருக்கிறான் என்பதை ஒரே ஒருவன்தான் சொல்ல முடியும், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹின்ரிஷ். அவன் ஒரு சக்கரத்தை மெல்லச் சுழற்றிச் சுழற்றிக் கேட்கிறான். மேலே நாசகாரிக் கப்பலின் உந்துவிசிறிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, நெருங்குகிறதா, விலகுகிறதா என்று முணுமுணுக்கிறான். கேப்டன் அவன் பக்கத்தில் குனிந்து நிற்கிறார். மற்ற நாற்பது பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, இருந்தும் எல்லாக் கண்களும் மேலேதான்.

முதலில் விசிறிச் சத்தம் ரயில் தூரத்தில் வருவது போல லேசாகக் கேட்கும். பிறகு ஹெட்ஃபோன் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும். கூடவே ‘டிங்... டிங்...’ என்று கூட்டின் மேல் கூழாங்கல் எறிவது போல ஓர் ஒலி. அது பிரிட்டிஷ்காரர்களின் ஒலித்தேடல் கருவி அனுப்பும் துடிப்பு. படகின் மேல் பட்டுத் திரும்பினால் இடம் தெரிந்துவிடும். துடிப்பு வேகமாக வேகமாக, ஆள் நெருங்கிவிட்டான் என்று பொருள். அப்புறம் குண்டுகள் தண்ணீரில் விழும் சத்தம். ஆழ்நீர்க் குண்டு என்பது பீப்பாய் போன்றது, குறித்து வைத்த ஆழத்துக்கு வந்ததும் வெடிக்கும். விழுந்ததற்கும் வெடிப்பதற்கும் நடுவில் சில நொடி இருக்கிறது. அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். யாரும் மூச்சு விடுவதில்லை.

வெடித்தபின் வருவது இன்னொரு வகைச் சத்தம். தப்பிக்க வேண்டுமென்றால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும், ஆழம் போகப் போக உருக்கு முனகத் தொடங்கும். பழைய மரக்கதவு கிறீச்சிடுவது போல நீண்ட முனகல். பிறகு போல்ட் ஒன்று இருந்த இடத்திலிருந்து தெறித்துத் துப்பாக்கிக் குண்டு போலப் பாய்கிறது. இந்தக் கதையில் வலியால் முதலில் கத்துவது படகுதான்.

நான் முதலில் இதை விடுதி அறையில் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில், மின்விசிறி ஓட ஓடப் பார்த்தேன். நல்ல படம் என்று நினைத்தேன், அதோடு மறந்தும் போனேன். சில வருடம் கழித்து ஒரு மழைநாளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் என்ன தவறவிட்டேன் என்று புரிந்தது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நான் சட்டென்று மேலே பார்த்தேன்.

ஏன் தண்ணீருக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டு போகக் கூடாது? அடிக்கடி மேலே வருகிறார்களே?

நல்ல கேள்வி. டீசல் என்ஜினுக்குக் காற்று வேண்டும், அதனால் அது மேலே இருக்கும்போதுதான் ஓடும். மேலே மணிக்கு 17 கடல் மைல் வரை போகலாம். கீழே போனால் பேட்டரிதான். முழு வேகத்தில் போனாலே ஏழரைக் கடல் மைல்தான், அப்படிப் போனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். நடை வேகத்தில் ஊர்ந்தால்தான் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். மேலே வந்து டீசலை ஓட்டித்தான் பேட்டரிக்கு மறுபடி மின்னேற்ற வேண்டும். எனவே அந்தக் கால நீர்மூழ்கி என்பது உண்மையில் தேவைப்படும்போது மட்டும் முங்கும் படகு. காற்றும் அப்படியே. மூடிய குழாயில் ஐம்பது பேர் மூச்சு விட்டால் சில மணி நேரத்தில் கரியமில வாயு ஏறிவிடும். படத்தில் பையன்கள் வாயில் ஒரு குழாயைக் கடித்துக்கொண்டு படுத்துக்கிடப்பார்கள், மார்பில் ஒரு பெட்டி இருக்கும். விடும் மூச்சிலிருக்கும் அந்த வாயுவை உறிஞ்ச உள்ளே ரசாயனம் வைத்த பெட்டி அது.

280 மீட்டர் ஆழம் என்றால் எவ்வளவு அழுத்தம்?

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 280 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ 28 கிலோ அமுக்கும். உள்ளங்கையைக் கூட்டின் மேல் வைத்துப் பாருங்கள், அந்த அளவு இடத்தின் மேல் மட்டும் இரண்டு டன்னுக்கு மேல். ஜிப்ரால்டரில் அடிபட்ட படகு அமிழத் தொடங்கி, ஆழமானியின் முள் கடைசி எண்ணையும் தாண்டிப் போகும். 280 மீட்டரில், அடியில் மணல்திட்டு ஒன்று தாங்கிக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதற்குப் பின்வரும் பகுதிதான் படத்தின் உச்சம். துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது. முழங்கால் தண்ணீரில் நின்று பம்ப்பைப் பழுது பார்க்கிறார்கள், உடைந்த பேட்டரிகளைத் தவிர்த்துக் கம்பியை மாற்றி இணைக்கிறார்கள், வாளி வாளியாகத் தண்ணீரைக் கை மாற்றுகிறார்கள். மணிக்கணக்கில். கடைசியில் தலைமை என்ஜினியர் தள்ளாடி வந்து, வேலை முடிந்தது என்று அறிக்கை சொல்கிறார். கேப்டன் ‘நல்ல ஆட்கள் வேண்டும்... நல்ல ஆட்கள்’ என்று தனக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொல்கிறார். கேப்டனாக நடித்த யூர்கன் புரோக்னோவும் என்ஜினியராக நடித்த கிளவுஸ் வென்னமனும் அந்த இடத்தில் குரலை உயர்த்துவதே இல்லை. எனக்கு அங்கே கண் கலங்காமல் இருந்ததில்லை.

யோஹான் பயந்து கத்தும் காட்சி பற்றி?

டீசல் அறையில் வேலை செய்யும் யோஹானை எல்லோரும் ‘பேய்’ என்று கூப்பிடுவார்கள். என்ஜினோடு பேசுகிறவன், பல பயணம் பார்த்தவன். உடைந்துபோவது புதுப்பையன்களில் ஒருவனாக இருக்குமென்று நினைப்போம், உடைவது இவன். கண்கள் பிதுங்க, மேலே போகும் ஏணியை நோக்கி வருகிறான். கேப்டன் துப்பாக்கியை எடுக்கப் போகிறார். எர்வின் லேடர் என்ற நடிகர் அந்த ஒரு காட்சிக்காகவே நினைவில் நிற்பார். அவன் மறுபடி வந்து மன்னிப்புக் கேட்கும்போது கேப்டன் அவனிடம் பேசும் விதமும், கடலடியில் கிடக்கும் அந்த இரவில் யோஹான் பார்க்கும் வேலையும் சேர்ந்துதான் முழுக் காட்சி. யாரையும் ஒரு நிமிடத்து நடத்தையை வைத்து எடைபோடாத படம் இது.

ஹிட்லரின் படை ஆட்களுக்காக நாம் ஏன் பயப்பட வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் படத்தைப் பார்க்கவே கூடாது. கேட்பவர்களை நான் மதிக்கிறேன்.

படத்துக்குள் கட்சி விசுவாசி என்று சொல்லத் தக்கவர் முதல் அதிகாரி ஒருவர்தான். மற்றவர்கள் அலுத்துப்போனவர்கள். கேப்டன் வானொலிப் பிரசாரத்தைக் கேட்டு வெறுப்பாகப் பேசுகிறார். பிரிட்டிஷ் சிப்பாய்களின் ‘டிப்பரேரி’ பாட்டை இசைத்தட்டில் போட்டு எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். இதெல்லாம் அவர்களை நமக்கு நெருக்கமாக்குகிறது. கொஞ்சம் அதிகமாகவே நெருக்கமாக்குகிறது என்று நினைக்கிறேன். உண்மையில் தொண்டர்களும் நம்பிக்கையாளர்களும் கடற்படையில் நிறையவே இருந்தார்கள். நாவலாசிரியர் புக்ஹைமே படத்தில் பரபரப்பு கூடிவிட்டதென்று வெளிப்படையாகக் கோபப்பட்டார்.

டார்பிடோவின் மறுமுனையில் இருந்தவர்களையும் நினைக்க வேண்டும். இதே உண்மையான யு-96, இதே கேப்டனின் கீழ், 1941 ஜனவரியில் ‘அல்மேடா ஸ்டார்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தது. அதிலிருந்த 360 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதற்கு நான்கு மாதம் முன்பு யு-48 மூழ்கடித்த ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலில், குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலின் மாலுமிகளில் பெரும்பகுதி இந்தியர்கள். ‘லஸ்கர்’ என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் பல ஆயிரம் பேர் அந்தப் போரில் கடலில் செத்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களின் கொதிகலன் அறைகளில், நீர்மட்டத்துக்குக் கீழே நின்று வேலை செய்தவர்கள். டார்பிடோ முதலில் வந்து மோதும் இடம் அது.

படம் இதை மறைக்கவில்லை. கப்பல் கூட்டத்தைத் தாக்கிவிட்டுப் பல மணி நேரம் ஒளிந்திருந்து மேலே வருகிறார்கள். அடிபட்ட எண்ணெய்க் கப்பல் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. முடித்துவிடலாமென்று இன்னொரு டார்பிடோ விடுகிறார்கள். அப்போதுதான் தெரிகிறது, கப்பலில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். உடம்பில் தீயோடு குதிக்கிறார்கள், இந்தப் படகை நோக்கி நீந்தி வருகிறார்கள். படகில் அவர்களுக்கு இடமில்லை. கேப்டன் பின்னோக்கிப் போகச் சொல்கிறார். அதுவரை வெறும் சத்தமாக மட்டும் இருந்த எதிரிக்கு முதல் தடவையாக முகமும் குரலும் வருகிறது. மேலே நிற்கும் ஒருவன் அழுகிறான். அதைப் பார்த்தபின் இவர்களுக்காகப் பயப்படுவது முன்பு போலச் சுலபமாக இல்லை. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் காட்சியைப் பற்றிப் பீட்டர்சன் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். 40,000 ஜெர்மன் நீர்மூழ்கி வீரர்களில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற வரி தொடக்கத்தில் திரையில் வந்ததும் அரங்கத்தில் கைதட்டல். செத்தார்கள் என்பதற்காகக் கைதட்டல். அவர் நடுங்கிப்போயிருக்கிறார். படம் முடிந்தபோது அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

முடிவு ஏன் அப்படி? (பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போங்கள்)

கடலடியிலிருந்து மீண்டு துறைமுகம் வந்து சேர்கிறார்கள். கரையில் வாத்தியம் முழங்குகிறது. அந்த நேரத்தில் விமானங்கள் வந்து குண்டு போடுகின்றன. அத்தனை ஆழத்திலிருந்து தப்பியவர்கள் காலடியில் மண் இருக்கும்போது சாகிறார்கள். படகு தண்ணீருக்குள் போவதைப் பார்த்தபடியே கேப்டன் சரிகிறார். ‘இது நியாயமா’ என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இதைவிட நியாயமான முடிவு இல்லை என்பேன். இவர்கள் வீடு திரும்பிச் சிரித்திருந்தால், எரியும் கப்பலிலிருந்து நீந்தி வந்தவர்களை நாம் மறந்தே போயிருப்போம்.

ஆஸ்கர் கிடைத்ததா?

இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, ஒலி விளைவுத் தொகுப்பு என்று ஆறு பரிந்துரைகள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஸ்பீல்பெர்க் படத்தில் வரும் நீர்மூழ்கியும் இதுதானா?

ஆமாம். இந்தப் படத்துக்காகச் செய்த படகு மாதிரியை இரவல் வாங்கித்தான் அதே 1981இல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தில் பயன்படுத்தினார்கள். லா ரோஷெல்லில் ஜெர்மானியர்கள் கட்டிய கான்கிரீட் நீர்மூழ்கிக் கொட்டகை இரண்டு படத்திலும் வருகிறது.

இதே பெயரில் புதிய தொடர் இருக்கிறதே?

2018இல் தொடங்கிய தொடர் அது. கதை வேறு, படகும் வேறு. பாதி கதை கரையில் நடக்கிறது. இந்தப் படத்தைத் தேடிப் போய் அதில் ஏறிவிடாதீர்கள், 1981 என்று பார்த்து எடுங்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். கொச்சைப் பேச்சு நிறைய, ரத்தமும் உண்டு. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்து, பிறகு பேசலாம். படத்திலிருப்பவர்கள் அதைவிட அதிகம் வயதானவர்கள் இல்லை.

நீர்மூழ்கிக்குள் நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

ஏழாம் வகைப் படகில் உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, யு-995. ஜெர்மனியில் கீல் நகருக்குப் பக்கத்தில் லாபோ கடற்கரையில், 1972லிருந்து அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே போகிறவர்கள் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கலாம்.

நமக்குப் பக்கத்தில் விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா இருக்கிறது. சோவியத் யூனியனில் கட்டி, 1969இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வு பெற்ற டீசல் நீர்மூழ்கி. யு-96ஐவிடப் பெரியது, 91 மீட்டர். நான் போனது மே மாதத்து மத்தியானம். வெளியே மணலில் நின்று பார்த்தபோது எவ்வளவு பெரிது என்றுதான் தோன்றியது. உள்ளே போய் மூன்றாவது வட்டக் கதவில் குனிந்து காலைத் தூக்கி வைத்தபோது முன்னால் ஒரு பெரியவர் நின்றுவிட்டார், பின்னால் ஒரு குடும்பம். முன்னே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். யாரோ ஒரு சிறுமி விரல் முட்டியால் சுவரை டொக் டொக்கென்று தட்டினாள். வரிசையிலிருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.